சும்மா நிற்கிற படகு

எங்கள் மிதவையில் எல்லோருக்கும் வேலை இருந்தது, ஒருத்தியைத் தவிர. இதை நான் சொல்லவில்லை. மேனேஜர் சொன்னார், என் அக்கா வீட்டுக்காரர் சொன்னார், டீ வாங்கிவர ஆளில்லாமல் நாக்கு வறண்ட மொத்தக் கூட்டமும் சொன்னது. இத்தனை பேர் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால் அது அநேகமாகத் தப்பாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு பாலம் வரப்போகிறது என்றார்கள். தூண் நிறுத்துவதற்கு முன்னால் அடியில் இருப்பது பாறையா, களிமண்ணா, வெறும் சேறா என்று பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பதற்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் மண் பரிசோதனை. அதற்காக ஒரு இரும்பு மிதவையை ஆற்றுக்கு நடுவே இழுத்து வந்து, நான்கு மூலையிலும் நங்கூரம் போட்டு நிறுத்தி, மேலே போர் போடுகிற ரிக்கை ஏற்றியிருந்தார்கள். மிதவைக்கு நடுவில் கிணற்று வாய் மாதிரி ஒரு ஓட்டை. அதன் வழியாக இரும்புக் குழாயை ஆற்றின் அடிவரைக்கும் இறக்கி, அதற்குள் துளை போட்டு, அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எடுத்துப் பெட்டியில் அடுக்குவோம். எனக்குப் பம்பு வேலை. ரிக்கை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர்.

அவரை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, நடையைப் பார்த்து நாங்கள் வைத்தது. மிதவையில் ஏறினாரென்றால் ஆற்றையே தான் வெட்டி விட்டமாதிரி சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். லைஃப் ஜாக்கெட் அவருக்குக் காலையில் ஆசனம், மத்தியானம் தலையணை. தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் மட்டும் தோளுக்கு ஏறும். அதுவும் துண்டு போட்ட மாதிரி சும்மா கிடக்கும். முன்னால் இருக்கும் கொக்கியை மாட்டினால் மூச்சு முட்டுகிறதாம்.

"நான் தண்ணியில பொறந்தவன், மாப்ள" என்பார் என்னிடம்.

அவர் பிறந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் என்று அக்கா எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள். நான் அதை வெளியே சொல்லவில்லை. குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

வேலை இல்லாதவள் என்று பெயர் வாங்கியவள் மிதவைக்குப் பக்கத்திலேயே, ஆரஞ்சு நிறப் படகு ஒன்றில் நிற்பாள். மிதவையில் வேலை நடக்கும்போது அந்தப் படகு அருகிலேயே, எஞ்சின் சூடாக, தயாராக நிற்க வேண்டும் என்பது சட்டம். யாராவது தண்ணீரில் விழுந்தால் எடுப்பதற்கு. யாரும் விழவில்லை. ஆகவே அவள் நின்றாள். ஒல்லிக் கால், நீண்ட கழுத்து, வெள்ளைச் சட்டை. எங்கள் ஆட்கள் முதல் வாரத்திலேயே கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் கூட்டத்துக்கு மூளை வேகமாக வேலை செய்யும். நேரில் அக்கா என்போம்.

இதற்கு முன்னால் அவள் நகரத்து நீச்சல் குளத்தில் காவலாக இருந்தவள். குளக்கரையில் உயரமான நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து நாளெல்லாம் தண்ணீரைப் பார்ப்பது வேலை. ஓடுகிற பிள்ளையை ஓடாதே என்பாள். ஆழமான பக்கம் நகர நினைக்கிற ஆளை, அவர் நகருவதற்கு முன்பே விசில் ஊதித் திருப்புவாள். பெற்றோர்கள் புகார் கொடுத்தார்கள், பிள்ளைகளைச் சந்தோஷமாக விளையாடவிடுவதில்லை என்று. அவள் இருந்த வருஷங்களில் அந்தக் குளத்தில் ஒரு உயிரும் போகவில்லை. அதிகாரிகள் கூடி யோசித்தார்கள். யாருமே மூழ்காத குளத்துக்குக் காவல் எதற்கு என்று அவர்களுடைய அறிவுக்கு எட்டியது. அவளை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகையை நட்டார்கள். பலகைக்கு வாய் கிடையாது, லீவும் கேட்காது.

கொக்குக்கு வாய் இருந்தது. அதோடு ஒரு கை மைக்கும் இருந்தது.

"துரைத் தம்பி, கொக்கியை மாட்டு."

ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்கும். துரை ரிக்கின் லீவரிலிருந்து கையை எடுக்காமலே கத்துவார்.

"அக்கா, நான் தண்ணியில பொறந்தவன்."

"கொசுவும் தண்ணியிலதான் பொறக்குது. மாட்டு."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் ஆட்கள் துரையைக் கொசு என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் ஒருத்தன் கன்னத்தைப் பழுக்க வைத்ததும் பழைய பெயரே திரும்பி வந்தது.

மேனேஜருக்கு அவளைப் பார்த்தாலே எரியும். அவர் கணக்குப்படி அசையாமல் இருப்பது எல்லாம் நஷ்டம். மிதவைக்கும் கரைக்கும் இடையே ஆட்களைக் கொண்டுபோக வேறொரு படகு இருந்தது. அது வாரத்தில் பாதி நாள் பழுது. அதனால் அடிக்கடி அவர் கண் ஆரஞ்சுப் படகின் மேல் விழும்.

"இந்தாம்மா, சும்மாதானே நிக்குது. கரைக்குப் போய் ஒரு பிளாஸ்க் டீ எடுத்துட்டு வந்துரு."

"நிக்கிறதுதான் சார் இதோட வேலை. ஓடிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு ஆட்டோ."

வேலை இல்லாதவளாக இருந்தாலும் எங்களுக்கு வேலை வைக்கத் தெரியும் அவளுக்கு. அவள் வீட்டுக்காரர் தையற்காரர். அவரிடம் சொல்லி, வெட்டுத் துணியெல்லாம் திணித்து, ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை தைத்து வாங்கி வந்திருந்தாள். நினைத்த நேரத்தில் அதைத் தண்ணீரில் தள்ளிவிடுவாள். உடனே பார்த்தவன் "ஆள் தண்ணியில" என்று கத்த வேண்டும். ஒருத்தன் மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு, விழுந்த ஆளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. இமைப்பதற்குள் தண்ணீர் ஆளை இடம் மாற்றிவிடும் என்பாள். இன்னொருத்தன் ரிக்கை நிறுத்த வேண்டும், இன்னொருத்தன் மிதவை வளையத்தைக் கயிற்றோடு வீச வேண்டும். தடித் தடியாக இருந்த நாங்கள் எல்லாம் ஒரு துணிப் பொம்மைக்காக ஓடினோம். பொம்மைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தோம், உள்ளே வெறும் கந்தல் என்பதால். "மேனேஜர் விழுந்துட்டாரு" என்று கத்துவதில் இருந்த சுகத்துக்காகவே பயிற்சியை யாரும் தட்டிக்கழிக்கவில்லை.

அவள் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன், என் சட்டைக்குக் காலர் திருப்ப. ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும். ஜன்னலோரமாகத் தையல் மெஷின், சுவரோரமாகக் கட்டில், கட்டிலுக்கு அடியில் துணி மூட்டை. கீழேயிருந்து இஸ்திரி ஆவியின் வாசனை ஏறி வந்துகொண்டே இருக்கும். தையற்காரருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, முழங்காலுக்கு மேல் நனைந்தால் மயக்கம் வந்துவிடுமாம். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டம்மா கேப்டன்" என்பார். கொக்கு கதவோரத்திலிருந்து, "கேப்டன் இல்ல, வாட்ச்மேன்" என்பாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்குப் பாதுகாப்பு வாரம் வந்தது.

பாதுகாப்பு வாரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்தில் மற்ற வாரங்களிலெல்லாம் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பதற்காக ஒரு வாரத்தை ஒதுக்கிப் பேசித் தீர்ப்பது. எங்கள் மிதவையில் ஒரு விபத்துகூட இல்லையாம். அதற்கு ஒரு கேடயம் கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரே வருகிறாராம். கேடயத்தை மிதவையின் மேலேயே, ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஆறு தெரிகிற மாதிரி நின்று கொடுக்க வேண்டுமாம். போட்டோ நன்றாக வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மேனேஜர் மூன்று நாளாகத் தூங்கவில்லை. மிதவைக்குப் பெயிண்ட் அடித்தார். வேலையாட்களுக்குப் புது ஜாக்கெட் வந்தது. "பாதுகாப்பே முதல் கடமை" என்று ஒரு பேனர் வந்தது, மிதவையின் ஒரு பக்கம் முழுக்க. கட்ட இடம் தேடினார்கள். கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து, மிதவை வளையம் தொங்குகிற கொக்கியிலேயே ஒரு மூலையை இறுக்கிக் கட்டினார்கள். வளையம் பேனருக்குப் பின்னால் போய்விட்டது. வருகிறவர்கள் ஏறுவதற்கு வசதியாக இன்னொரு பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றி வைத்தார்கள். அந்த இடத்தில் ஒரு சங்கிலியாவது போடுங்கள் என்று கொக்கு படகிலிருந்து கத்தினாள். சங்கிலி போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று பதில் வந்தது.

விருந்தாளிகளை ஏற்றி வரவேண்டிய படகு, வழக்கம்போல அன்று காலையில் படுத்துக்கொண்டது.

மேனேஜர் மிதவையின் ஓரத்துக்கு வந்து கொக்கைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, கரையில டைரக்டர் காத்திட்டு இருக்காரு. போய்க் கூட்டிட்டு வா."

"போறேன் சார். ரிக்கை நிறுத்துங்க. இவங்க எல்லாரையும் முதல்ல கரையில விட்டுட்டு அப்புறம் அவரைக் கூட்டிட்டு வர்றேன்."

"ரிக் ஓடுறதைப் பார்க்கத்தான் அவர் வர்றாரு."

"அப்ப நான் போக முடியாது. தண்ணி வடியிற நேரம் இது, இழுப்பு ஜாஸ்தி. மணல் கப்பல் எல்லாம் இப்பதான் கடலுக்குத் திரும்பும். அது கிளப்புற அலையில இந்த மேடை குதிக்கும். குழாய் வேற மண்ணுக்குள்ள நிக்குது. படகு இங்க இல்லாம வேலை நடக்கக் கூடாது சார். உங்க பேனர்லயே எழுதியிருக்கே."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜரின் காது சிவந்தது.

"சாவியைக் கொடுத்துட்டு ஏறி மேல வாம்மா. என் டிரைவர் ஓட்டுவான்."

அவருடைய டிரைவர் கார் டிரைவர். ஏரியில் மிதி படகு ஓட்டிய அனுபவம் இருந்தது. கொக்கு சாவியைக் கொடுத்தாள். சண்டை போடவில்லை. மிதவைக்கு ஏறி வந்து, கை மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆரஞ்சுப் படகு நெளிந்து நெளிந்து கரையை நோக்கிப் போயிற்று. துரை அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, வேலை போயிருச்சா?"

"கொக்கியை மாட்டு" என்றாள் அவள்.

அவர் மாட்டவில்லை. அன்று அவருக்குத் தனிப் பொறுப்பு வேறு கொடுத்திருந்தார்கள். கம்பி கழற்றிய இடத்தில் நின்று விருந்தாளிகளுக்குக் கை கொடுத்து ஏற்ற வேண்டும். ரிக்கை உதவியாளிடம் விட்டுவிட்டு, புது ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைமுடியைக் கோதி நின்றார். கரையிலிருந்து படகு புறப்பட்டது. உள்ளே கோட்டுக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். துரை கையை உயர்த்தி ஆட்டினார்.

மணல் கப்பல் எங்களைத் தாண்டிப் போனதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. அது போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் அலை வந்தது. மிதவையின் ஒரு பக்கம் தூக்கியது. நடுவில் மண்ணில் குத்திட்டு நின்ற குழாய் மேடையை விடாமல் பிடித்துக்கொள்ள, மிதவை ஒரு முரட்டு உதறு உதறியது. பெட்டிகள் சரிந்தன. நான் பம்பைக் கட்டிக்கொண்டேன். துரை பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

அவருடைய தோள் மிதவையின் விளிம்பில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு தண்ணீர்.

ஜாக்கெட் ஒரு பக்கம் போயிற்று, மனிதர் ஒரு பக்கம் போனார்.

"ஆள் தண்ணியில" என்று கத்தியது நானா வேறு யாராவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செருப்பை உதறிவிட்டுக் குதிக்க ஓடினேன். என் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்து இழுத்தது. அந்த ஒல்லிக் கைக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஒருத்தனைப் பார்த்துட்டு இருக்கவே கண்ணு போதல. ரெண்டு பேரைத் தேடச் சொல்றியா? நில்லு. அவன் தலையைப் பார்த்துக் கையை நீட்டு. எடுக்காத."

நீட்டினேன். என் அக்காவின் புருஷன் தண்ணீரில் போகிறார், நான் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. தலை உள்ளே போகும், நான் கையை அங்கேயே வைத்திருப்பேன், அது வேறொரு இடத்தில் மேலே வரும், கையைத் திருப்புவேன். அவர் நீந்தத்தான் பார்த்தார். ஒரு கை வேலை செய்யவில்லை. மிதவையை நோக்கி, இழுப்பை எதிர்த்து, ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்க அடிக்கத் தூரம் கூடியது.

"ரிக்கை நிறுத்து" என்றாள் கொக்கு. உதவியாள் நிறுத்தினான். அவள் வளையத்தைத் தேடினாள். பேனர். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பாதுகாப்பே முதல் கடமையைக் குறுக்காகக் கிழித்தாள். மேனேஜர், "அதை ஏன்..." என்று ஆரம்பித்ததை நான் என் காதால் கேட்டேன். கையை நீட்டிக்கொண்டிருந்ததால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

வளையத்தை வீசினாள். துரை இருந்த தூரத்துக்கு எந்த மனிதர் வீசினாலும் எட்டாது. அது அவளுக்கும் தெரியும். வளையத்தைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் வீசினாள். கயிற்றை விடச் சொல்லி எங்கள் ஆட்களிடம் கொடுத்தாள். பிறகு கை மைக்கை எடுத்தாள்.

"துரை. நீந்தாத. மல்லாக்கப் படு. காலை முன்னாடி நீட்டு."

அவர் தலை திரும்பியது.

"நீந்தாதன்னு சொல்றேன்ல. தண்ணி உன்னை எங்க கொண்டு போகுதோ அங்க போ. பின்னாடி நங்கூரத்துப் பந்து மிதக்குது. மஞ்சப் பந்து. அதுகிட்டத்தான் போற. வந்ததும் நல்ல கையால கட்டிக்கோ."

குரலில் பதற்றமே இல்லை. கொக்கியை மாட்டச் சொல்கிற அதே குரல், அதே சலிப்பு. ஒரு நாளும் அவள் சொல்லுக்குக் கட்டுப்படாத மனிதர் அன்று மல்லாந்தார். ஆறு அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தில் மோதவைத்தது. கட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஆரஞ்சுப் படகு அந்தப் பக்கம் திரும்பியது. டிரைவருக்குத் தானும் உதவ வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். பந்திலிருந்து மிதவை வரைக்கும் தண்ணீருக்கு அடியில் நங்கூரக் கயிறு ஓடுகிறது என்பதும், அது எஞ்சின் விசிறியில் சிக்கினால் படகும் மாட்டிக்கொள்ளும் என்பதும், விசிறிக்கு ஆள் எது கயிறு எது என்று தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

"படகு அங்கேயே நிக்கட்டும்" என்றாள் கொக்கு மைக்கில். "கிட்ட வந்தா அவன் காலு போயிரும். எஞ்சினைக் குறை. உள்ள நிக்கிற சார், உட்காருங்க. உங்களுக்குத்தான் சொல்றேன். உட்காருங்க."

இயக்குநர் உட்கார்ந்தார்.

வளையம் மிதந்து மிதந்து துரைக்குப் பக்கத்தில் போயிற்று. பந்தை விட்டால்தான் அதைப் பிடிக்க முடியும். இருப்பது ஒரு கை. அவர் விடவில்லை. பந்து ஒன்றுதான் உலகத்தில் தன்னுடையது என்பது போலக் கட்டிக்கொண்டிருந்தார். கொக்கு மைக்கைக் கொஞ்சம் இறக்கி, மெதுவாகப் பேசினாள்.

"தம்பி, இப்ப விடணும். வளையம் உன் தலைக்குப் பக்கத்துல இருக்கு. கையை அதுக்குள்ள விட்டு அக்குள்ல மாட்டிக்கோ. நாங்க இழுப்போம். நான் சொல்லும்போது விடு. இப்ப."

விட்டார். முகம் தண்ணீருக்குள் போயிற்று. அந்த இடத்தையே விரலால் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வளையத்துக்குள்ளிருந்து அவர் தலை வந்தது. ஆட்கள் இழுத்தார்கள். அத்தனை நாள் பொம்மையை இழுத்த கைகள்தான், இது மட்டும் கனமாக இருந்தது. ஓரத்துக்கு வந்ததும் அடிபடாத பக்கமாகப் பிடித்து மேலே ஏற்றிப் போட்டோம். அவர் கக்கிய தண்ணீரில் பாதி என் மேல்தான். அப்போதுதான் கையை இறக்கலாம் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

கொக்கின் சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

படகு வந்து ஒட்டியது. இயக்குநர் ஏறினார். ஏறியதும் முதல் வேலையாகக் கைதட்டினார். பின்னால் வந்தவர்களும் தட்டினார்கள்.

"பிரமாதம். நாங்க வர்ற நேரம் பார்த்து ஆரம்பிச்சிருக்கீங்க. உண்மையா நடந்த மாதிரியே இருந்தது" என்றவர், தோளைப் பிடித்துக்கொண்டு முனகிக் கிடந்த துரையைப் பார்த்துத் தலையசைத்தார். "இவர் ரொம்ப நல்லா நடிக்கிறாரு."

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தோம். ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் உண்மை சொல்ல இவ்வளவு வசதியான இடம் கிடைக்காது. அவர் கைகளைக் கூப்பினார்.

"நன்றி சார். டெய்லி பயிற்சி பண்றோம்."

கேடயம் வேறு வெளியே வந்தது. அதில் விபத்து இல்லாத இடம் என்று பொறித்தே கொண்டு வந்திருந்தார்கள். பொறித்ததை அழிக்க முடியாது, விழுந்ததை அழித்துவிடலாம் என்பது மேனேஜரின் கணக்காக இருக்க வேண்டும். அப்போது கொக்கு குறுக்கே வந்து நின்றாள். மைக் இல்லாமல்தான் பேசினாள்.

"நடிப்பு இல்ல சார். உங்களைக் கூட்டிட்டு வர்றதுக்காக இங்க நிக்க வேண்டிய படகை எடுத்துட்டுப் போனாங்க. நீங்க ஏறுறதுக்காகக் கம்பியைக் கழட்டினாங்க. இவனுக்குத் தோள் எலும்பு போயிருச்சு. இவன் வீட்டுல பொண்டாட்டி இருக்கா."

இயக்குநர் தன் ஷூவைப் பார்த்தார். கைதட்டிய கைகளை எங்கே வைப்பது என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"சாவி" என்றாள் டிரைவரிடம். கொடுத்தான். "அடிபட்டவன் முதல்ல போகணும். நான் திரும்பி வர்ற வரைக்கும் ரிக் ஓடக் கூடாது. எல்லாரும் நடுவுல உட்காருங்க, ஜாக்கெட் கொக்கியை மாட்டுங்க. எந்திரிக்காதீங்க."

துரையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். மண் பெட்டிகளின் மேல் கோட்டு போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் கொக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது. காற்று ஏறிவிட்டிருந்ததால் மிதவை ஆடத் தொடங்கியிருந்தது. அவள் ஆம்புலன்சை வரவழைத்து, துரையை அதில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பிப் போனாள். அவள் போய்ச் சேருவதற்குள் இயக்குநர் இரண்டுமுறை ஆற்றுக்குள் வாந்தி எடுத்துவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

துரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, நன்றி சொல்ல வேண்டும் என்று என் அக்கா அவரை இழுத்துக்கொண்டு கொக்கு வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். கையைக் கழுத்தோடு துணித் தூளியில் கட்டிக்கொண்டு துரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அக்கா கொக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களால என் புருஷன் பொழைச்சாரு, அக்கா."

"அப்படிச் சொல்லாத" என்றாள் கொக்கு. கையை விடுவித்துக்கொண்டாள். "குளத்துல இருந்த இத்தனை வருஷத்துல நான் ஒருத்தரையும் தண்ணியில இருந்து தூக்கினது இல்ல. தூக்க விட்டதில்ல. ஒருத்தனைக் காப்பாத்த வேண்டி வந்துருச்சுன்னா அதுக்கு முன்னாடியே நான் தோத்துட்டேன்னு அர்த்தம். அன்னைக்குத் தோத்தேன். அதுக்குப் போயி நன்றி சொல்றியா."

துரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தப்பு எம்மேலதான். கொக்கியை மாட்டியிருந்தா..."

"தெரியுதுல்ல" என்றாள் அவள். ஆறுதலாக ஒரு வார்த்தையும் வரவில்லை. அக்கா பிற்பாடு, "என்ன பொம்பளைடா இது" என்றாள்.

கீழே இறங்கும்போது தையற்காரர் வாசல்வரை வந்தார். துரை விழுந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியதாம். அவர் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தாராம். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல" என்றார். கேப்டன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவளை வேலையைவிட்டுத் தூக்குவதாகத்தான் மேனேஜர் இருந்தார். ஆனால் விபத்துக்கு அடுத்த நாளே எங்கள் ஆட்கள் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வீர வசனமெல்லாம் யாரும் பேசவில்லை. அந்த அளவுக்கு எங்களிடம் சரக்கு கிடையாது. "கொக்கு நின்னாத்தான் ஏறுவோம்" என்று உதவியாள் சொன்னான், மற்றவர்கள் பீடியைப் பற்ற வைத்தார்கள். இயக்குநரும் தலைமை அலுவலகத்தில் எதுவோ சொல்லியிருக்க வேண்டும், வாந்தியைத் தவிர்த்துவிட்டு. கொக்கு திரும்பி வந்தாள். கழற்றிய கம்பி முதலில் மாட்டப்படும்வரை எஞ்சினைக் கிளப்பவில்லை.

மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள், பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக. அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று தேடியிருப்பார்கள் போல.

துரை எலும்பு சேர்ந்து, ரிக்குக்குத் திரும்பினார். ஏறும் முன்பே கரையில் நின்று ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கியை இறுக்கினார். அதனால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே ஒரு காலையில் காற்று கிளம்பியது. அலையின் தலையில் வெள்ளை தெரிந்ததும் கொக்கு வேலையை நிறுத்தச் சொல்லி எங்களையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்து தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைத்தாள். இந்தக் காற்றெல்லாம் ஒரு காற்றா, என் காலத்தில் இதைவிடப் பெரிய காற்றில் எத்தனை துளை போட்டிருக்கிறேன் தெரியுமா, இந்தப் பொம்பளை நம்மைப் பிழைக்க விடமாட்டாள் என்று துரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் காதில் விழுகிற சத்தத்தில்தான். அவள் திரும்பவே இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்கக் காற்று அடங்கவில்லை. நாங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கரையிலேயே சாப்பிட்டோம்.